இணையத்திணை: பெருந்தொற்றுக் கால மருத்துவ மாநாடுகள் குறித்து ஓர் அடுக்களை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போவது அறிவைப் புதுப்பித்துக்கொள்ளத்தான் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 2020 மார்ச் மாதத்தில் உலகத்து மருத்துவ மாநாடுகளிலிருந்து விமானப் பயணம், விடுதி அறை, மதிய விருந்து, வராந்தாப் பேச்சு, பழைய வகுப்புத் தோழர்கள் ஆகிய அனைத்தும் ஒரே வீச்சில் உருவப்பட்டன. அறிவு மட்டும் மிச்சம் வைக்கப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகமும் துணிந்திராத இந்தச் சோதனையை ஒரு வைரஸ் யாரிடமும் நிதி கேட்காமல் நடத்தி முடித்தது. அப்போது ஒரு மருத்துவருக்கு எதிரே, அதே சாப்பாட்டு மேசையில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் எடுத்த குறிப்புகளே இக்கட்டுரை. ஆய்வின் முடிவு நடுவில் எங்கோ வருகிறது. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு அதை இங்கேயே கொடுத்து உதவுவதாக இல்லை.

களமும் நெறிமுறையும்

ஆய்வுக்களம், தென்மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள வாடகை வீடு. ஆய்வுக்கு உட்பட்டவர், அவ்வூர் அரசு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராக இருக்கும் என் மனைவி. அவர் வழியாகவும், அவருடைய மடிக்கணினியில் பெட்டி பெட்டியாகத் தெரிந்த முகங்கள் வழியாகவும், ஏராளமான மருத்துவர்களைக் கவனிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆய்வுக்கு உட்பட்டவரிடம் முன் ஒப்புதல் பெறப்படவில்லை. கேட்டிருந்தால் ஆய்வே நடந்திருக்காது. நெறிமுறைக் குழுவின் தலைவரும் ஒரே உறுப்பினருமான என் மாமியார், "என்னத்தையோ எழுதுங்க மாப்பிள்ளை, யார் பேரையும் போட்டுறாதீங்க" என்று வாய்மொழியாக அனுமதி வழங்கினார்.

மாதிரி அளவு எவ்வளவு என்று கேட்பார்கள். எண்ணைப் போட்டால் நம்பிவிடுவார்கள் என்பதற்காகவே எண் போடும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. நான் எண்ணவில்லை, ஆகவே போடவில்லை.

அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு மருத்துவத்தை ஆராயலாமா என்ற ஐயமும் எழலாம். நுண்ணுயிரியலின் வரலாறு தெரிந்தவர்களுக்கு எழாது. ராபர்ட் கோக் பாக்டீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க ஜெலட்டினை நம்பித் திண்டாடிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சூடு ஏறினாலே அது இளகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே கரைத்துத் தின்றுவிடும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸேதான், தாம் சமையலில் ஜெல்லி உறைய வைக்கப் பயன்படுத்திய அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர். நோன்பு மாதத்தில் நம் ஊரில் பாலில் காய்ச்சி, உறைந்ததும் துண்டு போட்டுத் தருவார்களே கடல்பாசி, அதேதான். இன்றும் பரிசோதனைக் கூடங்களில் கிருமிகள் குடியிருப்பது அதன் மேல்தான். மருத்துவரின் வீட்டில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியை ஃபேன்னி அம்மையார் 1881 வாக்கிலேயே உடைத்துவிட்டார்.

முன்னோடிகள்

1851இல் பாரிஸில் முதல் சர்வதேசச் சுகாதார மாநாடு கூடியது. 12 நாடுகள் வந்தன. நாட்டுக்கு ஒரு மருத்துவர், ஒரு ராஜதந்திரி. காலரா பிடித்த ஊரிலிருந்து வரும் கப்பலை எத்தனை நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். காலரா ஒட்டுவாரொட்டியா இல்லையா என்பதிலேயே மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆறு மாதம் பேசினார்கள். எழுதிய உடன்படிக்கை நிலைக்கவில்லை. அந்த ஆறு மாதமும் யாரும் மியூட்டில் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

1881இல் லண்டனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாடு வேறு ரகம். 3,000 பேருக்கு மேல் கூடினார்கள். பாஸ்தர், விர்சோ, லிஸ்டர், கோக் ஆகிய நால்வரும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில். அந்த மாநாட்டில் எத்தனையோ பேருரைகள் நிகழ்ந்தன. ஆனால் அறிவியல் வரலாற்றில் நிலைத்துப்போன சம்பவங்களில் ஒன்று மேடையில் நடக்கவில்லை. கிங்ஸ் கல்லூரியில் லிஸ்டரின் ஆய்வுக்கூடத்தில், பாக்டீரியாக்களைத் தனிமைப்படுத்தி வளர்க்கும் தம்முடைய முறையைக் கோக் சிலருக்குச் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த பாஸ்தர் மனம்விட்டுப் பாராட்டினார். பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டுப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது. இருவருக்கும் இடையே பின்னாளில் மூண்ட பகையைப் பார்க்கும்போது அந்தப் பாராட்டு சாதாரணமானதல்ல.

மாநாட்டின் உயிர் மேடையில் இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறது என்ற இவ்வாய்வின் முதல் கருதுகோள் இங்கிருந்து பிறக்கிறது. நம் ஊர் நிலவரமும் அதை மறுக்கவில்லை. அபிகான், பெடிகான், ஐசாகான் என்று எந்த மாநாட்டுக்குப் போய்வந்த மருத்துவரைக் கேட்டாலும், எந்த ஊரில் எந்த இடம் காலியாகிறது, யார் மகளுக்கு எங்கே பி.ஜி. சீட் கிடைத்தது, யார் மகனுக்கு இன்னும் வரன் அமையவில்லை, பழைய வார்டன் இப்போது எப்படி இருக்கிறார் என்ற தகவல்கள் துல்லியமாகக் கிடைக்கும். காலை அமர்வில் யார் என்ன பேசினார் என்று கேட்டால் நிகழ்ச்சி நிரலைத் தேடுவார்.

இடமாற்றம்

கூடுவதே ஆபத்து என்று தெரிய மருத்துவ உலகுக்கும் கொஞ்ச நாள் பிடித்தது. 2020 பிப்ரவரி 26, 27 தேதிகளில் பாஸ்டன் நகர விடுதி ஒன்றில் ஒரு மருந்து நிறுவனத்தின் மேலாளர்கள் கூடினார்கள். அங்கிருந்து கிளம்பிய தொற்று எவ்வளவு தூரம் போனது என்பதை வைரஸின் மரபணுவைத் தொடர்ந்து போய் ஆராய்ச்சியாளர்கள் பிறகு கண்டறிந்து எழுதினார்கள். அதே பாஸ்டனில் மார்ச் 8 அன்று தொடங்க இருந்தது எச்.ஐ.வி. முதலான வைரஸ்களைப் பற்றிய ஆண்டு மாநாடு. வர வேண்டாம், வீட்டிலிருந்தே பாருங்கள் என்று கடைசி நாட்களில் அறிவித்தார்கள். வைரஸ் நிபுணர்கள் முதலில் உஷாரானதில் வியப்பில்லை. இதய நிபுணர்கள் பின்தொடர்ந்தார்கள், புற்றுநோய் நிபுணர்கள் தொடர்ந்தார்கள். மே 18, 19 தேதிகளில் உலக சுகாதாரப் பேரவையே திரையில் கூடியது.

இந்த இடத்தில் ஆய்வாளர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அமெரிக்க இதயநோய்க் கல்லூரியின் ஆண்டு மாநாடு மார்ச் 28 அன்று சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மையத்தில் நடந்திருக்க வேண்டும். மருத்துவர்கள் வராத அந்த அரங்கில் அடுத்த சில நாட்களில் 3,000 படுக்கைகள் போடத் திட்டமிட்டு வேலை தொடங்கினார்கள். லண்டனில் கண்காட்சிகளும் மாநாடுகளும் நடக்கும் எக்ஸெல் மையம் மருத்துவமனையாயிற்று. மாட்ரிட்டின் இஃபெமா ஆயிற்று. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் கொரோனா சிகிச்சை மையமாயிற்று. மருத்துவர்கள் மாநாட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நோயாளிகள் மாநாட்டு அரங்குக்கு வந்து படுத்தார்கள். லண்டன் மருத்துவமனையை ஏப்ரல் 3 அன்று திறந்துவைத்தவர் அப்போதைய இளவரசர் சார்லஸ். அவரும் அப்போதுதான் தொற்றிலிருந்து மீண்டிருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து காணொலியில் திறந்தார். மாநாட்டு மையத்தில் மருத்துவமனை, அதைத் திறப்பது திரையில் என்றால், இதற்குப் பழைய ஐந்திணைக்குள் இடமில்லை. புதுத்திணை ஒன்று வேண்டியிருந்தது.

திணை விளக்கம்

முதற்பொருளில் நிலம் முதலில். இணையத்திணைக்கு நிலம் சாப்பாட்டு மேசை; அது கிடைக்காதபோது மாடிப்படி, நிறுத்தி வைத்த கார், பணி அறை, புறநோயாளிப் பிரிவின் மேசை இழுப்பறை. கடைசியாகச் சொன்ன நிலத்தில் கைப்பேசி தானாகப் பேசிக்கொண்டிருக்கும், மருத்துவர் நோயாளியிடம் பேசிக்கொண்டிருப்பார். பின்புலத்தில் புத்தக அலமாரி இருத்தல் சிறப்பு. இல்லாதவர்க்கு மென்பொருள் வழங்கும் தென்னைமரக் கடற்கரை உண்டு. அதன் முன்னால் அமர்ந்து மூச்சுத்திணறலைப் பற்றிப் பேசினால், தலையை ஆட்டும்போதெல்லாம் காது கடலுக்குள் மறையும். இடுப்புக்குக் கீழே என்ன உடை என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

சிறுபொழுது மாலை 7 முதல் 9 வரை. ஐரோப்பிய மாநாடு என்றால் பிற்பகலும் முன்னிரவும், அமெரிக்க மாநாடு என்றால் யாமம். பெரும்பொழுது, மார்ச் 25இல் தொடங்கி நீட்டித்து நீட்டித்துச் சொல்லப்பட்ட ஊரடங்கு.

கருப்பொருள்களில் தெய்வம், கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் ரவுட்டர். உக்கிரமடைந்தால் அணைத்துவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணிப் பிறகு போடுதல் அதற்கான வழிபாடு. பறை, குக்கர் விசில். புள், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து எந்த அமர்வுத் தலைவர் கேட்டுக்கொண்டாலும் மியூட் செய்யாத காகம். யாழ், அந்நாட்களில் யாரை அழைத்தாலும் மணியோசைக்கு முன்பு இருமிக்காட்டிய அரசாங்க எச்சரிக்கை. மரம், விலங்கு ஆகியவற்றை வாசகரே நிரப்பிக்கொள்ளலாம். பேராசிரியர் ஒருவர் வீட்டு நாய்க்குப் பல மாவட்டங்களில் விசிறிகள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

ஊர்மக்கள் வசிக்கும் இடத்தின் பெயர் பெரும்பாலும் ஜூம். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு அதன் கூட்டங்களில் கலந்துகொண்டவர்களின் உச்ச எண்ணிக்கை ஒரு கோடி. 2020 ஏப்ரலில் 30 கோடி. அந்நாட்களில் இலவசக் கணக்கில் மூன்று பேர் கூடினாலே 40 நிமிடத்தில் கதவு சாத்திவிடும். மருத்துவக் கருத்தரங்க வரலாற்றில் ஒரு பேச்சாளரை நேரத்துக்கு நிறுத்திய முதல் சக்தி இதுதான். அமர்வுத் தலைவர்கள் இருவர் அமர்ந்து, சீட்டு அனுப்பி, மணியடித்துப் பார்த்தும் முடியாத காரியம். ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் இது பாதுகாப்பான தளமல்ல என்று எச்சரித்தது. அன்று மாலை 7 மணிக்கும் எங்கள் வீட்டு மேசையில் கூட்டம் நடந்தது.

தொடக்கச் சடங்கில் மாறுதல் ஆழமானது. நேரடி மாநாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று ஒழுங்கு உண்டு. முதல் அறிவியல் வாக்கியம் காதில் விழ ஒரு மணி நேரம் ஆகும். இணையத்தில் விளக்கைப் படமாகப் போட்டு, திரியின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினார்கள். அதற்கும் முந்தியது "ஆம் ஐ ஆடிபிள்?" என்ற வினா. இதற்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், அல்லது யாருமே சொல்ல மாட்டார்கள். அடுத்து "இஸ் மை ஸ்க்ரீன் விசிபிள்?" தெரிகிறது என்று ஒருவர் சொல்வார். திரையில் தெரிவது பேச்சாளர் மகளின் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடமாக இருக்கும்.

சில மாலைகளில் வேறொரு சடங்கும் நடந்தது. தொற்றில் இறந்துபோன சக மருத்துவர் ஒருவரின் படம் திரையில் வரும். இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று சொல்வார்கள். எல்லோரும் ஏற்கெனவே மியூட்டில்தான் இருந்தார்கள். என் மனைவி எழுந்து நிற்பார். நானும் நின்றேன். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாததால் சடங்குகளோடு சேர்த்திருக்கிறேன்.

உரிப்பொருளுக்கு வருவோம். இருத்தலும் இருத்தல் நிமித்தமும் முல்லைக்கு உரியவை. இணையத்திணைக்கு உரியவை, இருப்பதாகக் காட்டலும் காட்டல் நிமித்தமும்.

ஈதர் விளக்கம்

இருப்பதாகக் காட்டுகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இந்தக் களைப்புக்கு நான்கு காரணங்கள் சொன்னார்: அளவுக்கு மீறி நெருங்கிவரும் கண்கள், நாள்முழுதும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருத்தல், நகர முடியாமை, சாதாரணத் தலையசைப்பையும் யோசித்துச் செய்ய வேண்டிய பாரம். நான்கும் சரியே. ஆனால் அவர் மயக்கவியல் மருத்துவரோடு குடித்தனம் செய்பவர் அல்லர். ஆகவே ஆர்தர் குவெடலைத் தவறவிட்டார்.

குவெடல் அமெரிக்க மருத்துவர். முதல் உலகப் போரில் பிரான்சில் மோட்டார் சைக்கிளில் மருத்துவமனை மருத்துவமனையாக ஓடி, மயக்கம் கொடுக்கத் தெரியாத உதவியாளர்களுக்குப் பயிற்சி தந்தவர். ஈதர் கொடுக்கும்போது நோயாளி எந்த ஆழத்தில் இருக்கிறார் என்று கண்ணையும் மூச்சையும் பார்த்தே சொல்லிவிடும்படி நான்கு நிலைகளை வகுத்து 1920இல் வெளியிட்டார். இணைய மாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை இன்னும் வரவில்லை.

முதல் நிலையில் நோயாளிக்கு நினைவு உண்டு, பேசுவார், ஆனால் வலி குறையத் தொடங்கிவிடும். வரவேற்புரையும் அமர்வுத் தலைவர்களின் தன்விவரக் குறிப்பும் இந்நிலையைத் தோற்றுவிக்கின்றன. தங்கப் பதக்கங்கள் வரிசையாக வாசிக்கப்படும்போது பார்வையாளரின் தோள் தளர்வது நன்கு தெரியும்.

இரண்டாம் நிலை கிளர்ச்சி. மூச்சு சீர்கெடும், கைகால் உதறும், சிலர் கத்துவார்கள். மயக்க மருத்துவர் மிகவும் அஞ்சும் கட்டம். இணையத்தில் இது யாரோ ஒருவர் மைக்கை அணைக்க மறந்தால் ஏற்படும். "போன மாசப் பால் கணக்கு முடிச்சாச்சே, திரும்ப என்ன?" என்று ஓர் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் குரல் மாநிலம் முழுதும் ஒலிக்கும். "சார், மைக்… சார், உங்க மைக்…" என்று பட்டமேற்படிப்பு மாணவர்கள் பதறுவார்கள். பேராசிரியருக்குக் கேட்காது, அவர் பால்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நிலை வந்ததும் எல்லாம் அடங்கும். மூச்சு சீராகும், கருவிழி நடுவில் நிலைக்கும். அறுவை இந்நிலையில்தான் நடக்கும். தமிழில் இச்சொல்லுக்கு உள்ள இரு பொருளிலும். என் மனைவியின் விழி இந்த ஆழத்தில் இருந்தபோது மேசையிலிருந்த வெண்டைக்காய் முடிந்து சின்ன வெங்காயமும் உரிக்கப்பட்டது. அவர் கண்ணில் நீர்கூட வரவில்லை. கேமரா அணைந்து பெயர் மட்டும் தெரியும் கறுப்புப் பெட்டிகள் இந்நிலையின் வெளி அடையாளம். அவற்றுள் சிலவற்றின் பெயர் மருத்துவர் பெயராகவே இருக்காது; கைப்பேசி நிறுவனம் தன் கருவிக்கு வைத்த பெயராக இருக்கும்.

நான்காம் நிலை மிகை அளவு. மூச்சு நிற்கும். "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு சிறு கருத்து மட்டும்" என்று தொடங்கும் மூத்த மருத்துவர் இதற்குக் காரணி. மயக்கத்தில் தசை தளர்த்தியை முறிக்க நியோஸ்டிக்மின் கொடுப்பதைப்போல் இங்கே முறிமருந்து, மின்சான்றிதழுக்கான சுட்டி. அது அரட்டைப் பெட்டியில் விழுந்த கணத்தில் நூற்றுக்கணக்கான விரல்களுக்கு உயிர் வரும். 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகளின்படி மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும். மணி நேரத்தை அளக்கக் கருவி உண்டு, கல்வியை அளக்க இன்னும் வரவில்லை.

விழிப்பு விதி

இவ்வளவு எழுதிய பிறகு குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்ததில் ஒரு முரண் தெரிந்தது. 2020 ஏப்ரல், மே மாதக் குறிப்புகளில் யாருமே தூங்கவில்லை.

அப்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு பேச்சு. நோயாளியின் வாய்க்கு எதிரே குனிந்து தொண்டைக்குள் குழாய் செலுத்த வேண்டியவர்கள் மயக்கவியல் மருத்துவர்கள். எப்படிச் செய்தால் தமக்குத் தொற்றாது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தைவானிலிருந்து ஒரு யோசனை வந்தது: நோயாளியின் தலையைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பெட்டி, கைவிட இரண்டு துளை. ஒரு மாலை அதன் படம் திரையில் வந்தது. அடுத்த வாரத்துக்குள் ஊரூராகப் பெயர்ப்பலகை செய்கிறவர்களிடம் அளவு கொடுத்துப் பெட்டி செய்தார்கள். மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அத்தகைய தடுப்புப் பெட்டிகளுக்கு அவசர அனுமதி தந்தது; ஆகஸ்டில், காற்றை உறிஞ்சும் வசதி இல்லாதவற்றுக்கு அதைத் திரும்பப் பெற்றது. பெட்டி செய்வது எப்படி என்று கற்பித்த அதே மேசையில், பெட்டி ஏன் கூடாது என்பதையும் கற்றார்கள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதையும் இப்படியே. மார்ச் மாதம் நம் நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் முன்காப்பாகச் சாப்பிடலாம் என்றார்கள். மே 22 அன்று லான்செட் இதழில் அதற்கு எதிராக ஒரு பெரிய கட்டுரை வந்தது. ஜூன் 4 அன்று அந்தக் கட்டுரையே, தரவுகளைச் சரிபார்க்க முடியாததால், திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 15 அன்று அமெரிக்கா மருந்துக்கான அவசர அனுமதியை நீக்கியது. மறுநாள், ஜூன் 16, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது எந்த மாநாட்டு மேடையிலும் அறிவிக்கப்படவில்லை, செய்திக்குறிப்பாக வந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் மூன்று வாட்ஸ்அப் குழுக்களும் ஒரு கூட்டமும் நள்ளிரவு வரை விழித்திருந்தன.

இந்தக் கூட்டங்களில் மேற்படி சடங்கு எதுவும் இல்லை. முழுக்கவச உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு வந்த யாரோ ஒரு மருத்துவர், மூக்கில் கண்ணாடி அழுத்திய தடத்தோடு, தலைப்புச் சட்டகம்கூட இல்லாமல் பேசுவார். குப்புறப் படுக்கவைத்தால் ஆக்சிஜன் ஏறுகிறது என்பார். எத்தனை மணி நேரம் என்று கேட்டால், "சரியாத் தெரியலை, நாங்க முடிஞ்ச வரைக்கும் வைக்கிறோம்" என்பார். அந்த "தெரியலை" வந்த இடத்தில் கறுப்புப் பெட்டிகளில் ஒவ்வொன்றாகக் கேமரா திறக்கும்.

ஆக, இவ்வாய்வின் முடிவு, விழிப்பு விதி எனப் பெயரிடத்தக்கது: கேட்பவரின் விழிப்பு, பேசுபவரின் அறியாமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செப்டம்பர் வாக்கில் பேச்சாளர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சட்டகங்களில் வண்ணமும் நிறுவன முத்திரையும் ஏறின. குவெடல் திரும்பி வந்தார்.

பிரதிநிதியும் பிறரும்

பறிபோனவற்றில் மிகப் பெரியது மருத்துவப் பிரதிநிதியின் நிலம். மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பயணமும் விருந்தோம்பலும் பெறக் கூடாது என்று 2009 டிசம்பரிலிருந்தே விதி உண்டு. விதி உண்டு என்பதோடு அப்பேச்சை முடித்துக்கொள்வோம். ஆனால் மாநாட்டு மண்டபத்தில் கடை விரிப்பதும் மருத்துவமனை வராந்தாவில் நிற்பதும் அவருக்கு உரிமையாக இருந்தன. ஊரடங்கில் இரண்டும் போயின. மேலாளர் அவருக்குக் கொடுத்த புதிய இலக்கு, எத்தனை மருத்துவர்களைத் திரைக்குள் நுழைய வைத்தார் என்பது. எங்கள் தெருமுனையில் முகக்கவசமும் கழுத்துப்பட்டியுமாக ஒருவர் இருசக்கர வண்டியை நிறுத்தி, "மேடம், லாகின் மட்டும் போட்டுடுங்க மேடம். அஞ்சு நிமிஷம் இருந்தாப் போதும், பேர் ஏறிடும்" என்று கைப்பேசியில் கெஞ்சுவார். அவருக்குத் தெரியும், நாங்கள் மாடியிலிருந்து பார்க்கிறோம் என்று. மாமியார் ஒரு காகிதக் குவளையில் டீ ஊற்றிக் கேட்டின் மேல் வைத்துவிட்டு வருவார். மருந்துத் துறைக்கு மருத்துவர் குடும்பம் விருந்தோம்பல் செய்வதைத் தடுக்கும் விதி எதையும் ஆய்வாளர் காணவில்லை.

லாபம் அடைந்தவர்களும் உண்டு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் மாநாடு அந்த ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் நடக்க வேண்டியது. இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். எந்த அரங்கமும் அத்தனை பேரைத் தாங்கியிருக்காது. விசா அலுவலகமும் அனுமதித்திருக்காது. விமானச் சீட்டும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தால் பல மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டு ஒதுங்கியிருந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், எம்பாக்ளிஃப்ளோசின் இதயச் செயலிழப்பில் என்ன செய்கிறது என்ற ஆய்வின் முடிவை, அது உலகுக்கு அறிவிக்கப்பட்ட அதே நேரத்தில், சுகாதார நிலையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கேட்க முடிந்தது. வராந்தாவை இழந்தவர்கள் ஏற்கெனவே வராந்தாவில் இருந்தவர்கள். அங்கே ஒருநாளும் நிற்காதவருக்கு இழக்க எதுவும் இல்லை.

பெண் மருத்துவர்களின் கணக்கு தனி. குழந்தை பிறந்த பிறகு வெளியூர் மாநாடு என்ற பேச்சையே எடுக்காதவர்கள் பலர். திரை அவர்களை மறுபடி அவைக்குள் கொண்டுவந்தது. ஆனால் மாநாட்டுக்கு ஊருக்குப் போனவரிடம் யாரும் மாவு புளித்துவிட்டதா என்று கேட்பதில்லை. கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். நுரையீரல் காற்றோட்டம் பற்றி என் மனைவி கேள்வி கேட்கக் கை உயர்த்தியிருந்த நேரத்தில் நெறிமுறைக் குழுத் தலைவர் உள்ளே வந்து, "ஏட்டி, காயப்போட்ட வத்தலை எங்க எடுத்து வச்ச?" என்றார். மைக் திறந்திருந்தது. கூட்டத்தில் இருந்த பெண் மருத்துவர்கள் யாரும் சிரிக்கவில்லை. இருவர் அரட்டைப் பெட்டியில் இதயம் போட்டார்கள்.

வரம்புகளும் மாற்றுக்கருத்தும்

ஒரே வீட்டில், ஒரே ஊரில், ஒரே துறையில் நடத்தப்பட்ட ஆய்வு இது. தோல் மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் வேறு விதமாகத் தூங்கக்கூடும். ஆய்வாளர் எந்த மருந்து நிறுவனத்திடமிருந்தும் நிதி பெறவில்லை. வீட்டில் காய்கறி வாங்கப் பயன்படும் பைகள் அனைத்திலும் ஏதோ ஒரு மாநாட்டின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன என்பதும், 2020, 2021 என்ற ஆண்டுகள் அந்த வரிசையில் இல்லை என்பதும், நலன் முரணாகக் கருதப்படுமானால் அறிவிக்கப்படுகின்றன.

கையெழுத்துப் பிரதியைப் படித்த ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்யக் கோரினார். "என்னங்க, குவெடல் ஸ்டேஜ் எல்லாம் ஈதருக்குத்தான். இப்ப யாரும் ஈதர் கொடுக்கிறதில்லை. ப்ரொபொஃபால் போட்டா அரை நிமிஷத்துல நேரா மூணாவது ஸ்டேஜுக்குப் போயிடுவாங்க. வெபினாருக்கு அதுதான் சரி." மருத்துவ ரீதியில் இதை மறுக்க ஆய்வாளருக்குத் தகுதி இல்லை. எனினும் கருத்து ஏற்கப்படவில்லை. ப்ரொபொஃபால் செலுத்தப்பட்டவர் எவரும், கண்ணைத் திறக்காமலேயே, "எக்ஸலண்ட் டாக் சார், வெரி இன்ஃபர்மேட்டிவ்" என்று தட்டச்சு செய்ததாகத் தகவல் இல்லை.